விளக்கு எரிந்தால் முதலில் கேளுங்கள், பிறகு வாங்குங்கள்

மேகத்தைப் பார்த்து மழையைச் சொல்லவும், பயிரின் நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்லவும் தெரிந்தவர்கள் எமது விவசாயிகள். மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால், அதற்கு என்ன குறை என்று அன்றைக்கே தேடிப் பார்க்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. ஆனால் அதே முற்றத்தில் நிற்கும் லான்ட்மாஸ்டர் கறுப்புப் புகை கக்கினாலோ, நீரிறைக்கும் இயந்திரம் இடையில் நின்றுவிட்டாலோ, முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தாலோ, "அது மெக்கானிக் பார்க்க வேண்டிய விடயம்" என்று ஒதுங்கி விடுகிறோம். இந்த ஒதுங்கலுக்கு எமது குடும்பங்கள் கொடுக்கும் விலை மிகப் பெரியது. அந்த விலையில் ஒரு பெரும் பகுதியை எமது முற்றத்திலேயே, கையில் பணம் இல்லாத நேரத்திலும், குறைத்துக்கொள்ள முடியும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இடம்பெயர்ந்தவருக்கு ஏன் இது இரட்டைச் சுமை?

மாத்தளை மாவட்டத்தில் இடம்பெயர்வு புதிய கதை அல்ல. 1977இலும் 1983இலும் நடந்த இன வன்முறைகளில் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காக வயலையும் தோட்டத்தையும் விட்டு எழுந்த குடும்பங்கள் உண்டு. பழைய லக்கல நகரமே நீருக்குள் போயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலைச் சரிவுகளில் வாழ்ந்த இன்னும் பலரை இடம்பெயர வைத்தன. காரணங்கள் வேறு வேறு. விளைவு ஒன்றுதான்: தெரிந்த மண்ணை விட்டு, தெரியாத மண்ணில் மறுபடியும் முதலாம் போகத்தைத் தொடங்க வேண்டும்.

இடம்பெயரும்போது காணியும் வீடும் மட்டும் இழக்கப்படுவதில்லை. பழைய ஊரில் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே குறையைச் சொல்லும் ஓர் அண்ணன் இருந்திருப்பார். கடனுக்கு வாசர் கொடுக்கும் கடைக்காரர் இருந்திருப்பார். ஸ்பானர் இரவல் தரும் பக்கத்து வீட்டார் இருந்திருப்பார்கள். நட்டஈட்டுப் பட்டியலில் இவர்களுக்கு இடம் இல்லை. புதிய குடியேற்றத்தில் எஞ்சின் நின்றால், அதை ஒரு வாகனத்தில் ஏற்றி நாவுலவுக்கோ தம்புள்ளைக்கோ மாத்தளைக்கோ கொண்டுபோக வேண்டும். கூலி கொடுத்து, காத்திருந்து, அங்கே சொல்லப்படுவதை நம்பித் திரும்ப வேண்டும். அதற்குள் நாற்று முற்றிவிடும். மிளகாய்ச் செடி வாடிவிடும். ஒரு போகம் தவறினால் அடகு வைத்த நகை மீளாது.

இதற்கு மேல் அண்மைய ஆண்டுகளின் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. மண்ணெண்ணெயில் கிணற்று நீரை இறைத்த குடும்பங்களுக்கு அது எத்தகைய அடி என்பதை விளக்கத் தேவையில்லை. எரிபொருள் விலை கூடிய காலத்தில், குறையோடு ஓடும் எஞ்சின் ஒவ்வொரு நாளும் பணத்தைப் புகையாக்குகிறது.

இரண்டு பிழையான பழக்கங்கள்

எச்சரிக்கை தெரிந்தவுடன் எமது மக்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். முதலாவது, காரணம் தெரியுமுன் பொருளை வாங்குவது. யாரோ "நொசில் போயிருக்கும்" என்பார், நொசில் வாங்கப்படும். புகை நிற்காது. இன்னொருவர் "பம்பு" என்பார். அதற்கும் பணம் போகும். கடைசியில் பார்த்தால் காற்று வடிகட்டி முழுவதும் வைக்கோல் தூசு அடைத்திருக்கும். அதைக் கழுவ ஒரு கோப்பை மண்ணெண்ணெய் போதுமாயிருந்திருக்கும்.

இரண்டாவது, எச்சரிக்கையை அலட்சியம் செய்வது. "இந்த விளக்கு எப்போதும் எரியும், ஒன்றும் ஆகாது" என்று உழுதுகொண்டே போவது. ஒயில் இல்லாமல் ஓடும் எஞ்சின் சில நிமிடங்களிலேயே இறுகிப் போகக்கூடும். அப்போது ஒரு போத்தல் ஒயிலின் விலையில் முடிந்திருக்க வேண்டிய காரியம் எஞ்சினின் விலையில் முடிகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. முதலில் கண், பிறகு கை, பிறகு ஸ்பானர், கடைசியாகப் பணப்பை. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எஞ்சின் சரியாகலாம். ஆனால் எதனால் சரியானது என்பது தெரியாது. அடுத்த முறையும் மூன்றுக்கும் பணம் கொடுப்பீர்கள்.

ஒயில் விளக்கு

சிவப்பு நிறத்தில் ஒயில் குவளை போன்ற அடையாளம் எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். வரப்பின் முடிவு வரை போய் நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். சமதரையில் வைத்து, சிறிது நேரம் ஆறவிட்டு, ஒயில் அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடியும் விட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் உரிய ஒயிலை உரிய கோடு வரை ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கெடுதியே. ஒயில் பால்தேநீரின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு தானாகக் கூடி டீசல் மணம் வீசினால் எரிபொருள் கலந்திருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் எஞ்சினை மீண்டும் ஓட்டக்கூடாது.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், அழுத்தச் சுவிட்சிலிருந்து வரும் ஒற்றை வயரைக் கழற்றி, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். சாதாரணமான சுவிட்ச் என்றால் வயரைக் கழற்றியதும் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ தேய்ந்து எஞ்சினின் உடலில் படுகிறது. அதைத் தேடி நாடா சுற்றினால் போதும். அணைந்துவிட்டால் சுவிட்ச் பழுதாக இருக்கலாம், அல்லது ஒயில் அழுத்தம் உண்மையாகவே குறைந்திருக்கலாம். இதில் எது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அழுத்தமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவரை விளக்கை நம்புங்கள். பொய் சொல்லும் விளக்கை நம்பியதால் ஒரு நாள் போகும். உண்மை சொல்லும் விளக்கை நம்பாவிட்டால் எஞ்சின் போகும்.

வெப்பம்

தண்ணீர்த் தொட்டி உள்ள பழைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் ஆவி பறப்பது இயல்பு. அவை அப்படித்தான் குளிர்கின்றன. அங்கே கவனிக்க வேண்டியது தண்ணீரின் மட்டம். சிலவற்றில் மட்டத்தைக் காட்டச் சிவப்பு மிதவை ஒன்று இருக்கும். அது இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் முழுவதும் வற்றிச் சூடேறிய எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். ரேடியேற்றர் உள்ள எஞ்சினில் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். முகமும் கையும் வெந்துவிடும்.

தம்புள்ளை, கலேவெல, வில்கமுவ போன்ற உலர் பிரதேசங்களில் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே கல் எஞ்சினின் நீர் வழிகளிலும் படிகிறது. கல் படிந்தால் வெப்பம் வெளியேறாது. இதற்கு மருந்து கடையில் இல்லை, கூரையில் இருக்கிறது. மழைநீரைச் சுத்தமான பீப்பாயில் சேர்த்து வைத்து, எஞ்சினுக்கு அதையே ஊற்றுங்கள். அத்தோடு ரேடியேற்றரின் இடுக்குகளில் அடைத்த உமியையும் வைக்கோலையும் மென்மையான தூரிகையால் எடுங்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

புகையின் நிறம்

விளக்கே இல்லாத எஞ்சினுக்கும் புகை இருக்கிறது. தொடர்ந்து கறுப்பாக வந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது சுமை மிஞ்சிவிட்டது. முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். ஒயில் ஊற்றும் வகை என்றால் வலையை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, பழைய ஒயிலைக் கொட்டி, கோடு வரை புதிய ஒயில் ஊற்றுங்கள். பெற்றோலில் கழுவ வேண்டாம், தீப்பிடிக்கும். நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. அளவு மிஞ்சியிருக்கலாம் அல்லது ரிங் தேய்ந்திருக்கலாம். காலையில் இயக்கும்போது சிறிது நேரம் வெள்ளைப் புகை வருவது வழமை. சூடான பின்னும் வெள்ளையாகவே வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

எஞ்சின் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நின்றால் எரிபொருளின் பாதையைப் பாருங்கள். 2022இல் கலன்களிலும் பீப்பாய்களிலும் டீசல் சேர்த்துவைத்த பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நாட்பட வைத்த டீசலின் அடியில் தண்ணீரும் துருவும் தங்கும். மேலே இருப்பதை மட்டும் மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள். பில்டரை மாற்றிய பின், பாதையில் உள்ள காற்றை வெளியேற்றும் ஆணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை விடுங்கள். ஆனால் நொசிலில் இருந்து பாயும் டீசலுக்கு முன்னால் ஒருபோதும் கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நீரிறைக்கும் இயந்திரம்

சிறிய பம்புகள் சிலவற்றில் ஒயில் குறைந்தால் எஞ்சினைத் தானாகவே நிறுத்தும் ஏற்பாடு உண்டு. கிணற்றுக் கட்டின் சரிவில் சாய்த்து வைத்தால், ஒயில் போதுமான அளவு இருந்தும் அது நின்றுவிடும், மறுபடியும் இயங்காது. பழுது என்று எண்ணித் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போகுமுன், சமதரையில் வைத்து இழுத்துப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் செய்தி கிடைக்கும். உலர்ந்த கரி என்றால் எரிபொருள் மிஞ்சுகிறது அல்லது காற்றுக் குறைகிறது. ஒயில் பிசுக்கு என்றால் ஒயில் மேலே ஏறுகிறது. மண்ணிறம் என்றால் நலம்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் எந்த விளக்கும் தராது. கோடையில் நீர் மட்டம் இறங்கியதும் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது உயிரைப் பறிக்கும். எஞ்சின் கக்கும் நச்சு வாயு கிணற்றுக்குள் தேங்கி நிற்கும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டு போகிறார். எந்தப் பயிரும் அதற்கு ஈடாகாது.

கணினி உள்ள வாகனங்கள்

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999இல் தொடங்கியது. அங்கே மரக்கறி ஏற்றிச் செல்லும் சிறிய லொறிகள், பட்டா வாகனங்கள் முதலியவற்றை இப்போது எமது குடும்பங்கள் சிலவும் வைத்திருக்கின்றன. இவற்றில் புதியவற்றின் முகப்பில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட முறை, பின்னர் உலகெங்கும் பரவியது. எஞ்சினில் உள்ள சிறு கணினி ஏதோ ஒரு குறையைக் கண்டு, அதை ஓர் இலக்கமாகக் குறித்து வைத்திருக்கிறது என்பதே அந்த விளக்கின் பொருள்.

சிவப்பு விளக்கு என்றால் நில். மஞ்சள் விளக்கு என்றால் விரைவில் பார். மஞ்சள் விளக்கு மினுங்கினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். நிலையாக எரிந்தால் முதலில் எரிபொருள் மூடி இறுகியிருக்கிறதா, பற்றரி முனைகள் பூத்திருக்கின்றனவா, வயர் எதையாவது எலி கடித்திருக்கிறதா, காற்றுக் குழாய் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இலக்கத்தை வாசிக்கும் கருவி உள்ள ஒருவரிடம் போய், அந்த இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இலக்கம் குறை இருக்கும் திசையைக் காட்டுமே தவிர, வாங்க வேண்டிய பொருளைக் காட்டாது. சென்சரின் பெயர் வந்தால் சென்சர்தான் பழுது என்று ஆகாது. அதன் வயரும் இணைப்பும் முதலில் பார்க்கப்பட வேண்டும். பற்றரியைக் கழற்றி விளக்கை அணைப்பவரிடம் ஏமாற வேண்டாம். அவர் குறையைத் தீர்க்கவில்லை, சாட்சியை அழித்தார்.

பழைய வாகனம் வாங்குவோருக்கு ஒரு சொல்: சாவியைத் திருப்பியதும், எஞ்சின் இயங்குமுன், எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும், இயங்கிய பின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ மின்குமிழைக் கழற்றியிருக்கலாம். அந்த வாகனத்தை வாங்காதீர்கள்.

எதைத் தொடக்கூடாது?

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. டீசல் பம்பின் உட்பகுதி, பிரேக், உள்ளிருந்து கேட்கும் இரும்பு அடிக்கும் சத்தம் ஆகியவை தேர்ந்தவரின் கைக்கு உரியவை. நல்ல மெக்கானிக் எமது எதிரி அல்லர்; அவரது உழைப்புக்கு உரிய கூலி கொடுக்கப்பட வேண்டும். "எஞ்சின் ஓடவில்லை" என்று மட்டும் சொல்பவருக்கும், "ஒயில் சரி, வடிகட்டி கழுவினேன், சூடான பின்தான் வெள்ளைப் புகை வருகிறது" என்று சொல்பவருக்கும் இடையில் அவரது அரை நாள் வேலை மிச்சமாகும். அந்த மிச்சம் உங்களுடையது.

எமது குடியேற்றங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு கொப்பி. ஒயில் மாற்றிய திகதி, ஓடிய மணித்தியாலம், கண்ட அறிகுறி, செய்த வேலை, கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் பாடசாலை செல்லும் பிள்ளை இதை எழுதட்டும்.

இரண்டாவது, பொதுக் கருவிப் பெட்டி. ஒரு குடும்பத்தால் வாங்க முடியாத ஸ்பானர் தொகுதி, ஒயில் அழுத்தமானி, மின்னோட்டம் பார்க்கும் மீற்றர், வடி புனல் ஆகியவற்றை 20 குடும்பங்கள் சேர்ந்தால் வாங்க முடியும். கமக்காரர் அமைப்பின் பொறுப்பில் கையொப்பமிட்டு எடுத்து, கையொப்பமிட்டுத் திருப்பித் தரும் ஒழுங்கு வேண்டும்.

மூன்றாவது, பெரும்போக மழைக்கு முன், செப்டெம்பரில் ஒரு நாள் எல்லா எஞ்சின்களையும் ஓரிடத்தில் கொண்டுவந்து பார்ப்பது. மழை தொடங்கிய பின் பார்ப்பது வைத்தியம். முன்பு பார்ப்பது காப்பு.

நான்காவது, பெண்கள். ஆண்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போன வீடுகளில் பம்பை இயக்குபவர் மனைவியோ தாயோதான். தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்பவர் அவர். அதில் மாற்றம் வந்தால் முதலில் அறிபவரும் அவரே. ஆனால் பயிற்சி என்று வந்தால் அழைப்பு ஆண்களுக்குப் போகிறது. இது மாற வேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வொரு குடியேற்றமும் ஓர் இளைஞரையோ இளம் பெண்ணையோ முறையான பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் அநுராதபுரத்தில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் உண்டு. பழைய ஊரில் விட்டுவந்த அந்த அண்ணனின் இடத்தைப் புதிய ஊரில் நாமேதான் நிரப்ப வேண்டும்.

உதவி செய்வோருக்கு ஒரு வார்த்தை

இயந்திரம் வழங்கும் விழாக்களில் மாலையும் படமும் உண்டு. ஆனால் அதன் கைந்நூல் ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கும். தமிழில் இருப்பது அரிது. ஒரு ஸ்பானர்கூட இல்லாமல், அரை நாள் பயிற்சிகூட இல்லாமல் கொடுக்கப்படும் இயந்திரம் பாதி உதவியே. மீதிப் பாதியை ஏழை தன் கடனால் நிரப்புகிறார். திருச்சபையின் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 10 பம்பு கொடுக்கும் பணத்தில் 8 பம்பும், கருவிப் பெட்டியும், எமது மொழியில் பயிற்சியும் கொடுத்தால், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகள் அதிகமாயிருக்கும் என்பது எனது உறுதியான எண்ணம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழில்நுட்பம் மனிதருக்குத் துணையாகவும் இருக்கலாம், அவரை அடிமைப்படுத்தும் எதிரியாகவும் மாறலாம் என்ற கருத்தை முன்வைத்தார். இந்த இரண்டில் எது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. அதைப் பற்றிய அறிவு யார் கையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், மேகத்தையும் காற்றையும் பார்த்து வானிலையைச் சொல்லத் தெரிந்த மக்களிடம், காலத்தின் அறிகுறிகளை மட்டும் ஏன் ஆராயாதிருக்கிறீர்கள் என்று இயேசு கேட்கிறார். அந்தக் கேள்வி எமது வாழ்வின் பெரிய காரியங்களுக்கு உரியது. ஆனால் சிறிய அறிகுறிகளை நின்று பார்க்கப் பழகியவருக்கே பெரியவற்றை வாசிக்கும் துணிவும் வரும் என்று நான் நம்புகிறேன்.

காணியை எம்மிடமிருந்து எடுத்தார்கள், இயற்கையும் எடுத்தது. கற்றுக்கொண்ட கைத்திறனை எந்த நீர்த்தேக்கமும் மூழ்கடிக்க முடியாது, எந்த மண்சரிவும் மூட முடியாது. அடுத்த போகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று மாலையே ஒயில் அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்துப் பாருங்கள்.